உங்க கடையில் தண்ணீர் எங்கே போகுது? வணிகக் கட்டிடங்களுக்கு ஒரு நீர்க்கணக்குப் பாடம்



மாசக் கடைசியில் கரண்ட் பில் எவ்வளவு வந்தது என்று கேட்டால், எந்தக் கடைக்காரரும் தயங்காமல் சொல்லிவிடுவார். அதே கடையில், "போன மாசம் எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாச்சு?" என்று கேட்டுப் பாருங்க. "ஒரு நாளைக்கு ரெண்டு தடவை மோட்டார் போடுவோம்", "வாரத்துக்கு மூணு லாரி இறக்குவோம்" என்று பதில் வரும். லிட்டர் கணக்கு மட்டும் வராது.

இந்த மாதப் பாடம் அந்த லிட்டர் கணக்கைப் பற்றியது. மெஸ், லாட்ஜ், ஜவுளிக்கடை, கிளினிக், அலுவலகம், கல்யாண மண்டபம் என்று எந்த வணிகக் கட்டிடமாக இருந்தாலும் சரி, அங்கே வருகிற தண்ணீரை அளந்து, வீணாகிற இடத்தைக் கண்டுபிடித்து, குறைந்த செலவில் சரிசெய்வது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம். இதற்குத் தேவையானவை நாலே பொருள்கள்தான்: உங்க கையில் இருக்கிற போன், ஒரு லிட்டர் பாட்டில், ஒரு அளவு டேப், ஒரு நோட்டு.

நீங்க கட்டிட உரிமையாளராக இருக்கலாம், அங்கே வேலை பார்ப்பவராக இருக்கலாம், தினமும் டீ குடிக்கப் போகிற வாடிக்கையாளராகவும் இருக்கலாம். மூன்று பேருக்குமே இதில் வேலை இருக்கு.

ஏன் இப்போது இந்தப் பாடம்?

2019 கோடையைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2018 வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஜூன் மாதத்துக்குள் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வறண்டுவிட்டன. பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த பல ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. சில உணவகங்கள் மதியச் சாப்பாட்டைக் குறைத்தன. ஜூலை 12 அன்று, ஜோலார்பேட்டையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் பயணித்து, முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 50 டேங்கர் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் சுமார் 50,000 லிட்டர். மொத்தம் 25 லட்சம் லிட்டர்.

அந்த 25 லட்சம் என்ற எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கோங்க. பாடத்தின் நடுவில் அது திரும்ப வரும்.

அதற்குப் பிறகு சென்னையில் பல ஏற்பாடுகள் கூடியிருக்கின்றன. மீஞ்சூர், நெம்மேலி ஆகிய இடங்களில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இயங்குகின்றன. நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் திறனுள்ள இன்னொரு நிலையம் 2024-ல் திறக்கப்பட்டது. ஆனால் கடலிலிருந்து எடுத்தாலும், ரயிலில் கொண்டு வந்தாலும், ஒவ்வொரு லிட்டருக்கும் மின்சாரச் செலவும் மக்கள் பணமும் இருக்கிறது. அவ்வளவு பாடுபட்டுக் கொண்டு வந்த தண்ணீர் உங்க கட்டிடத்து மாடித் தொட்டியிலிருந்து வழிந்து சாக்கடைக்குப் போனால் யாருக்கும் பயன் இல்லை.

கடைக் கட்டிடத்தில் ஏன் அதிகம் வீணாகிறது?

வீட்டில் குழாய் சொட்டினால் ராத்திரி சத்தம் கேட்கும். யாராவது எழுந்து போய் அடைப்பார்கள். கடைக் கட்டிடத்தில் ராத்திரி கேட்க ஆள் இல்லை.

இரண்டாவது காரணம், குழாயைத் திறப்பவர் ஒருவர், பில் கட்டுபவர் வேறொருவர். பல இடங்களில் தண்ணீருக்கான பணம் வாடகையோடு அல்லது பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்ந்தே போய்விடுகிறது. முதல் மாடிக்காரர் சிக்கனமாக இருந்தாலும் மூணாவது மாடிக்காரர் செலவையும் சேர்த்துத்தான் பகிர்ந்து கட்டுகிறார். அப்புறம் அவருக்கு மட்டும் சிக்கனத்தில் என்ன அக்கறை வரும்?

மூன்றாவது, தண்ணீர் பல வழிகளில் வருகிறது. குடிநீர் வாரிய இணைப்பு, போர், லாரி, குடிக்கிறதுக்குக் கேன். நாலுக்கும் தனித்தனி கணக்கு, அல்லது கணக்கே இல்லை.

பாடம் 1: வருவதை அளந்து பாருங்க

எந்த வழியாக வந்தாலும் தண்ணீர் பெரும்பாலும் கீழ்த்தொட்டியான சம்ப்புக்கு வந்து, மோட்டார் மூலம் மாடித் தொட்டிக்குப் போகிறது. ஆகவே மோட்டாரை அளந்தால் மொத்தத்தையும் அளந்த மாதிரி. போர் தண்ணீர் நேராக மாடித் தொட்டிக்கு ஏறினால் அந்த மோட்டாருக்கும் இதே மாதிரி தனியாகக் கணக்குப் போடுங்க.

முதலில் மாடித் தொட்டியின் உள்நீளம், உள்அகலத்தை மீட்டரில் அளங்க. இரண்டையும் பெருக்கினால் தொட்டியின் பரப்பு. வட்டமான பிளாஸ்டிக் தொட்டி என்றால் விட்டத்தில் பாதியை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 3.14-ஆல் பெருக்குங்க. உதாரணமாக 2 மீட்டருக்கு 2 மீட்டர் தொட்டி என்றால் பரப்பு 4 சதுர மீட்டர். அதில் 1 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 40 லிட்டர்.

இப்போது யாரும் தண்ணீர் பயன்படுத்தாத நேரமாகப் பார்த்து மோட்டாரைப் போடுங்க. போனில் ஸ்டாப்வாட்சை ஓட விட்டு, 10 நிமிடத்தில் மட்டம் எத்தனை சென்டிமீட்டர் ஏறியது என்று பாருங்க. 25 சென்டிமீட்டர் ஏறினால் 1,000 லிட்டர். அதாவது உங்க மோட்டார் நிமிடத்துக்கு 100 லிட்டர் தள்ளுகிறது. இனிமேல் மோட்டார் ஓடும் நிமிடங்களைக் குறித்து வைத்தாலே போதும், லிட்டர் தானாகக் கிடைத்துவிடும்.

இதற்குச் சரியான ஆள் யார் தெரியுமா? மோட்டார் சுவிட்ச் போடுகிற காவலாளிதான். "அண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடுறீங்க, எவ்வளவு நேரம் ஓடுது?" என்று கேட்டுப் பாருங்க. கட்டிடத்தின் தண்ணீர் சரித்திரமே அவரிடம் இருக்கும். சுவிட்ச் பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, போட்ட நேரம், நிறுத்திய நேரம் இரண்டையும் எழுதச் சொல்லுங்க. தினமும் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கோங்க.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் மோட்டார் வெளியேறும் குழாயிலும் ஒவ்வொரு மாடிக்குப் பிரியும் குழாயிலும் தண்ணீர் மீட்டர் போடுங்க. மாடிக்கு ஒரு மீட்டர் வந்த பிறகு, அவரவர் செலவுக்கு அவரவர் பணம் என்று ஆகிவிடும். உரிமையாளர் தனியாக அறிவுரை சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது.

பாடம் 2: எவ்வளவு தேவை என்று பாருங்க

அளந்த எண் அதிகமா, நியாயமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1172 என்ற வழிகாட்டித் தரம் இதற்கு உதவும். கட்டிடங்களைத் திட்டமிடும்போது ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர் என்று அது கணக்கிடுகிறது:

அலுவலகம்: ஒருவருக்கு 45 லிட்டர்
உணவகம்: ஓர் இருக்கைக்கு 70 லிட்டர்
தங்கும் விடுதி: ஒரு படுக்கைக்கு 180 லிட்டர்
திரையரங்கு: ஓர் இருக்கைக்கு 15 லிட்டர்
100 படுக்கைகள் வரை உள்ள மருத்துவமனை: ஒரு படுக்கைக்கு 340 லிட்டர்

கணக்குக்காக ஒரு கட்டிடத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தரைத்தளத்தில் 40 இருக்கை உள்ள மெஸ். முதல், இரண்டாம் மாடிகளில் அலுவலகங்கள், மொத்தம் 60 ஊழியர்கள். மூன்றாம் மாடியில் 12 படுக்கை உள்ள சின்ன லாட்ஜ்.

மெஸ்ஸுக்கு 2,800, அலுவலகங்களுக்கு 2,700, லாட்ஜுக்கு 2,160. கூட்டினால் 7,660 லிட்டர்.

ஆனால் அங்கே மோட்டார் தினமும் 2 மணி நேரம் ஓடுகிறது. நிமிடத்துக்கு 100 லிட்டர் வீதம் 12,000 லிட்டர். வித்தியாசம் 4,340 லிட்டர். இது எங்கே போகிறது? இனிமேல் நாம் துப்பறியும் வேலையில் இறங்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். இந்த அளவு திட்டமிடலுக்கானது. உங்க செலவு இதைவிடக் குறைவாக இருந்தால் நல்லதுதான். "இன்னும் கொஞ்சம் செலவழிக்கலாமே" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாடம் 3: இரவுச் சோதனை

இந்தப் பாடம் முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கு என்றால், இதைச் செய்யுங்க.

இரவு கடைகள் எல்லாம் மூடிய பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, மாடித் தொட்டியின் மட்டத்தை அளந்து குறிங்க. காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன்னால் மறுபடி அளங்க. நம்ம கற்பனைக் கட்டிடம் மாதிரி லாட்ஜ் இருந்தால், அந்த மாடிக்குப் போகும் வால்வை ஆள் இல்லாத ஓர் இரவில் அடைத்துவிட்டுச் செய்யுங்க.

யாருமே பயன்படுத்தாத நேரத்தில் மட்டம் இறங்கியிருந்தால் அது ஒழுகல்தான். அதே 4 சதுர மீட்டர் தொட்டியில், 9 மணி நேரத்தில் 7 சென்டிமீட்டர் இறங்கியது என்று வைத்துக்கோங்க. 280 லிட்டர் போயிருக்கு. பகலிலும் அது ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். ஒரு முழு நாளுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 750 லிட்டர்.

இப்போது அந்த ரயில் எண்ணை எடுங்க. நாளைக்கு 750 லிட்டர் ஒழுகுகிற கட்டிடங்கள் சுமார் 3,300 இருந்தால், 25 லட்சம் லிட்டர். ஜோலார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளில் வந்த முழு ரயில், ஒரே நாளில், யாரும் ஒரு வாய் குடிக்காமல் சாக்கடைக்குப் போய்விடும். சென்னையைப் போன்ற பெருநகரத்தில் 3,300 கடைக் கட்டிடங்கள் என்பது பெரிய எண்ணா, நீங்களே யோசித்துப் பாருங்க.

ஒழுகல் எங்கே என்று கண்டுபிடிக்க மூன்று எளிய வழிகள்:

ஒன்று, சொட்டுக் கணக்கு. சொட்டும் குழாய்க்குக் கீழே டம்ளரை 10 நிமிடம் வைங்க. 200 மில்லி டம்ளர் நிறைந்தால் ஒரு நாளைக்கு 28 லிட்டருக்கு மேல். பெரும்பாலும் ஒரு வாஷர் மாற்றினால் சரியாகிவிடும்.

இரண்டு, மஞ்சள் சோதனை. கழிப்பறை ஃபிளஷ் தொட்டிக்குள் கொஞ்சம் மஞ்சள்தூளோ, கேசரிப் பவுடரோ கரைத்து ஊற்றிவிட்டு 20 நிமிடம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்க. கழிப்பறைக் கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் தண்ணீரை அதிகம் விழுங்குவது இதுதான்.

மூன்று, சம்ப் சோதனை. மாடித் தொட்டிக்குச் செய்தது போலவே சம்ப்பிலும் இரவு, காலை மட்டத்தை அளங்க. மட்டம் இறங்கினால் விரிசல் இருக்கலாம். விரிசல் இருந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே போகும். பக்கத்தில் சாக்கடைக் குழாய் உடைந்திருந்தால் அந்த அழுக்கும் உள்ளே வரும். ஆகவே இது சிக்கனத்தோடு ஆரோக்கியமும் சேர்ந்த விஷயம். உடனே பிளம்பரைக் கூப்பிடுங்க.

இன்னொன்று எல்லோர் கண்ணிலும் படுவது: மோட்டாரை நிறுத்த மறந்து, மொட்டைமாடிக் குழாயிலிருந்து தெருவில் அருவி மாதிரி கொட்டுவது. நிமிடத்துக்கு 100 லிட்டர் தள்ளும் மோட்டார், காலையில் 5 நிமிடம், மாலையில் 5 நிமிடம் வழிந்தால் 1,000 லிட்டர் போச்சு. தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவியைப் பொருத்தினால் இந்தத் தொல்லை முடிந்தது. கருவி வாங்கும் வரைக்கும் காவலாளி அண்ணன் போனில் அலாரம் வைத்தாலே போதும்.

பாடம் 4: இடம் இடமாகப் பார்ப்போம்

கழிப்பறை: தேசியக் கட்டிட விதித்தொகுப்பு 2016, அலுவலகத்துக்கான 45 லிட்டரில் 20 லிட்டரை ஃபிளஷ்ஷுக்கு மட்டுமே ஒதுக்குகிறது. கிட்டத்தட்டப் பாதி! பழைய தொட்டிகள் ஒரு தடவைக்கு 10 லிட்டர் அல்லது அதற்கு மேலும் கொட்டும். இரண்டு பொத்தான் உள்ள புதிய தொட்டியில் சின்னது 3 லிட்டர், பெரியது 6 லிட்டர். நம்ம 60 ஊழியர்களும் நாளைக்கு மூணு தடவை போகிறார்கள் என்றால், பழையதில் 1,800 லிட்டர். புதியதில், ஒரு பெரியது, இரண்டு சின்னது என்று ஆளுக்கு 12 லிட்டர், மொத்தம் 720. மிச்சம் 1,080 லிட்டர்.

உடனே மாற்ற வசதியில்லையா? ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மூடி, பழைய ஃபிளஷ் தொட்டிக்குள் ஓரமாக வைங்க. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு லிட்டர் மிச்சமாகும். உள்ளே மிதவையிலும் அடைப்பிலும் இடிக்காமல் இருக்கணும். பாட்டில் வைத்த பிறகு ரெண்டு தடவை ஃபிளஷ் பண்ண வேண்டியிருந்தால் எடுத்துவிடுங்க, அதில் லாபம் இல்லை.

கை கழுவும் குழாய்: ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்து ஸ்டாப்வாட்சைப் போடுங்க. 6 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 10 லிட்டர். கை கழுவ 20 நொடி என்றால் மூணேகால் லிட்டருக்கு மேல் போகும். குழாய் முனையில் மாட்டும் சின்னச் சல்லடை ஒன்று இருக்கு. ஹார்டுவேர் கடையில் ஏரேட்டர் என்று கேட்டால் தருவார்கள். காற்றைக் கலந்து தண்ணீரைக் குறைவாக விடும். நிமிடத்துக்கு 3 லிட்டர் விடும் வகையைப் போட்டால் அதே கை கழுவலுக்கு 1 லிட்டர் போதும். நாளைக்கு 300 தடவை கை கழுவுகிற அலுவலகத்தில் சுமார் 700 லிட்டர் மிச்சம். உப்புத் தண்ணீர் ஊர்களில் மாதம் ஒரு தடவை கழற்றிக் கழுவிப் போடுங்க, இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். வாளி நிரப்பும் குழாய்க்கு இது வேண்டாம்; வாளிக்கு வேண்டியது எப்படியும் ஒரு வாளித் தண்ணீர்தானே.

சமையலறை: ஓடும் குழாய்க்கு அடியில் தட்டு கழுவினால், நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் இரண்டு மணி நேரத்தில் 1,200 லிட்டர். முதலில் எச்சிலை நன்றாக வழித்துக் குப்பையில் போடணும். பிறகு சோப்புத் தொட்டி, அலசும் தொட்டி, கடைசியாகச் சுத்தமான வெந்நீர்த் தொட்டி என்று மூன்று தொட்டி முறை. தொட்டிக்கு 40 லிட்டர், மூணு தடவை மாற்றினாலும் 360 லிட்டர்தான். மிச்சம் 840. தண்ணீர் கலங்கினால் கட்டாயம் மாற்றணும். சாப்பிட வருபவர் உடம்பை வைத்துச் சிக்கனம் பண்ணக் கூடாது.

வாழை இலையில் பரிமாறுகிற மெஸ்ஸுக்கு ஒரு பாராட்டு, இலைக்குத் தெளிக்கிற தண்ணீர் போதும். தட்டு கழுவுவதைத் தவிர்க்க பிளாஸ்டிக் பூசிய தட்டு, டம்ளர் என்று மாறிவிடாதீங்க; ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கு. அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைச் செடிக்கு விடலாம்.

ஏசியும் ஆர்.ஓ. இயந்திரமும்: சாதாரண ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு நாள் வாளியில் பிடித்துப் பாருங்க. ஈரக்காற்று உள்ள கடற்கரை ஊர்களில் நீங்க எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருக்கும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரும் அப்படித்தான். இரண்டையும் தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற வைத்துக்கோங்க. குடிக்கவோ சமைக்கவோ கூடாது.

பெரிய மால், மருத்துவமனை, ஐ.டி. கட்டிடங்களில் மொட்டைமாடியில் குளிர்விக்கும் கோபுரம் இருக்கும். 100 டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு சுமார் 680 லிட்டர் ஆவியாகும். அது தவிர, உப்பு சேராமல் இருக்க அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரைத் திறந்து விடுவார்கள். உள்ளே போகும் தண்ணீரைவிடச் சுற்றும் தண்ணீரில் உப்பு 2 மடங்கு ஆனதுமே திறந்து விட்டால், 10 மணி நேரத்துக்கு 13,600 லிட்டர் தேவை. சரியான சுத்திகரிப்புச் செய்து 5 மடங்கு வரை சுற்ற விட்டால் 8,500 போதும். ஒரு நாளில் 5,100 லிட்டர் வித்தியாசம். இப்படிப்பட்ட கட்டிடத்தில் வேலை செய்பவர்கள் பராமரிப்புப் பொறியாளரிடம், "நம்ம கோபுரத்தில் எத்தனை மடங்கு வைக்கிறோம் சார்?" என்று ஒரு கேள்வி கேட்டாலே நல்ல பேச்சு தொடங்கும். இதைத் தெரிந்தவர்தான் செய்யணும், ஏனென்றால் கோபுரத் தண்ணீரில் நோய்க்கிருமி வளரவும் வாய்ப்பு உண்டு.

இதுவரை வந்ததைக் கூட்டுவோமா?

ஒழுகல் 750, வழிதல் 1,000, ஃபிளஷ் 1,080, கை கழுவல் 700, தட்டு கழுவல் 840. மொத்தம் 4,370 லிட்டர். நாம் தேடிய 4,340 லிட்டர் கிட்டத்தட்டக் கிடைத்துவிட்டது! இது பாடத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள். உங்க கட்டிடத்தில் இவ்வளவு அழகாகப் பொருந்தாது. ஆனால் தேடும் வழி இதேதான். 12,000 லிட்டர் லாரி வாங்குகிற கட்டிடமாக இருந்தால், மூணு நாளைக்கு ஒரு லாரி மிச்சம். மோட்டார் ஓடுவதும் தினமும் முக்கால் மணி நேரத்துக்குப் பக்கமாகக் குறையும். உங்க லாரி பில்லை எடுத்து வைத்து, எத்தனை ரூபாய் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

இதில் ஒழுகலும் வழிதலும் மட்டுமே 1,750 லிட்டர். அவற்றை நிறுத்த ஆகும் செலவு ஒரு வாஷர், ஒரு ரப்பர் அடைப்பு, ஒரு அலாரம். அதனால்தான் விலை கூடிய கருவிகளை வாங்குவதற்கு முன்னால் அளந்து பாருங்க என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

பாடம் 5: மழையும் மறுபயன்பாடும்

2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பல கட்டிடங்களில் அன்றைக்குப் போட்ட குழாய் இன்றைக்கும் இருக்கு; ஆனால் உறிஞ்சு குழி மண் அடைத்துக் கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பருக்குள் மொட்டைமாடியைப் பெருக்கி, வடிகட்டியில் உள்ள ஜல்லியையும் மணலையும் எடுத்துக் கழுவிப் போடுங்க.

எவ்வளவு கிடைக்கும்? ஒரு சதுர மீட்டர் மொட்டைமாடியில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. 2,000 சதுர அடி, அதாவது 186 சதுர மீட்டர் மொட்டைமாடியில், ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 2 லட்சம் லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். நம்ம கற்பனைக் கட்டிடத்துக்கு இது சுமார் 27 நாள் தேவை. ஆண்டு முழுவதும் போதாது, உண்மைதான். ஆனால் நிலத்தடியில் போகும் அந்த நீர், கோடையில் உங்க போரையும் பக்கத்து வீட்டுப் போரையும் காப்பாற்றும். கடலோரத்தில் அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே வந்துவிடும் என்பதற்கு மீஞ்சூர்ப் பகுதியே சாட்சி.

பயன்படுத்திய தண்ணீரும் வீண் இல்லை. மணலிப் பகுதித் தொழிற்சாலைகள் 1990-களிலிருந்தே சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்துகின்றன. இன்று கொடுங்கையூர், கோயம்பேடு நிலையங்கள் ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தொழிற்சாலைத் தரத்துக்குச் சுத்திகரிக்கும் திறன் உள்ளவை. பெரிய கட்டிடம் என்றால் கை கழுவும் தண்ணீரைத் தனிக்குழாயில் பிரித்து, சுத்திகரித்து, ஃபிளஷ்ஷுக்கும் தோட்டத்துக்கும் விடலாம். அந்தக் குழாய்க்குத் தனி நிறம் அடித்து, "குடிக்க அல்ல" என்று பெரிசாக எழுதணும். குடிநீர்க் குழாயோடு எந்த இடத்திலும் இணையக் கூடாது.

இங்கெல்லாம் கை வைக்காதீங்க

சிக்கனம் என்ற பெயரில் சில இடங்களில் தப்பான வழியில் போகிறார்கள். மூன்று விஷயம் கண்டிப்பாக வேண்டாம்.

முதலாவது, ஊழியர் கழிப்பறையைப் பூட்டாதீங்க. "தண்ணீர் தட்டுப்பாடு" என்று பூட்டினால், கடையில் நாள் முழுக்க வேலை செய்யும் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். ஒழுகும் ஒரு ஃபிளஷ் தொட்டியைச் சரிசெய்தால் கிடைக்கும் தண்ணீரை, ஒரு மனுஷியின் உடம்பிலிருந்து எடுக்கக் கூடாது.

இரண்டாவது, கை கழுவும் இடத்தையும் குடிநீரையும் குறைக்காதீங்க. சமையல் செய்பவருக்கும் நோயாளியைத் தொடுபவருக்கும் அது உயிர் விஷயம்.

மூன்றாவது, கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்காதீங்க. உள்ளே விஷவாயு இருக்கும். 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி அது குற்றம். கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்ய 14420-ஐ அழைங்க, இயந்திரத்தோடு வருவார்கள். நீண்ட நாள் மூடிக்கிடந்த சம்ப்பிலும் மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு. மட்டத்தை மேலே நின்று குச்சியால் அளந்தாலே போதும்.

உங்களுக்கு ஒரு வாரப் பயிற்சி

திங்கள்: மாடித் தொட்டியை அளந்து, மோட்டாரின் நிமிடக் கணக்கைக் கண்டுபிடிங்க.
செவ்வாய்: மோட்டார் நோட்டைத் தொடங்குங்க. காவலாளிக்கு ஏன் என்று விளக்கிச் சொல்லுங்க.
புதன்: ஆள், இருக்கை, படுக்கை எண்ணி, தேவையைக் கணக்கிடுங்க.
வியாழன்: இரவுச் சோதனை.
வெள்ளி: எல்லாக் கழிப்பறையிலும் மஞ்சள் சோதனை. சொட்டும் குழாய்களைப் போனில் போட்டோ எடுங்க.
சனி: பிளம்பரை ஒரே தடவை வரவழைத்து எல்லாவற்றையும் சரிசெய்யுங்க.
ஞாயிறு: இரண்டாவது இரவுச் சோதனை. முதல் எண்ணையும் இரண்டாவது எண்ணையும் கட்டிடத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்க.

வாடிக்கையாளரான உங்களுக்கும் ஒரு வேலை. டீக்கடையில் குழாய் ஒழுகுவதைப் பார்த்தால், "அண்ணாச்சி, பின்னாடி குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு, பாருங்க" என்று சொல்லிவிட்டு வாங்க. பல பேருக்கு அது நிஜமாகவே தெரியாமல்தான் இருக்கும்.

தெருவில் குடிநீர் வாரியக் குழாய் உடைந்து ஓடினால், சென்னையில் இருப்பவர்கள் 1916 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம். மற்ற ஊர்களில் இருப்பவர்கள் உள்ளாட்சி அலுவலகத்திலும், முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 எண்ணிலும் தெரிவிக்கலாம். இடம், அடையாளக் குறி, பார்த்த நேரம் மூன்றையும் சொல்லுங்க. புகார் எண்ணைக் கட்டாயம் கேட்டு வாங்கி, போனில் சேமித்து வைங்க.

இன்றைக்கு இரவே தொட்டி மட்டத்தை ஒரு தடவை அளந்து குறித்துவிட்டுப் படுங்க. காலையில் வரும் எண், மீதிப் பாடத்தை உங்களுக்குச் சொல்லித் தரும்.